பட்டினி என்று ஒரு ஃபோல்டர்

மே 4, ஞாயிறு

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். பெருமைக்காக எதையும் கூட்ட மாட்டேன். வெட்கமாக இருக்கிறதே என்று எதையும் விட மாட்டேன். உரக்கடைக்காரர் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம் இருக்கிறது. பாதகமில்லை.

என் பெயர் பொன்செல்வி. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். நூலகத்தில் எனக்குப் பிடித்த அலமாரி தீர்ந்துவிட்டதால், இந்த விடுமுறையில் அப்பாவின் ஸ்டூடியோக் கணினியைச் சீர்படுத்தப் போகிறேன். எங்கள் ஊரான ஆவரங்காட்டில், வீட்டின் முன்பகுதியிலேயே இருக்கும் ‘பாண்டி டிஜிட்டல்’ அப்பாவுடையது. போன வருடம் வைரஸ் புகுந்து ஒரு கல்யாணமே அழிந்துபோனது. அதன்பிறகு கணினியில் லினக்ஸ் போட்டோம். போட்டது நான்தான், பத்திரிகையைப் பார்த்து.

இப்போது சிக்கல் வேறு. அப்பா ஃபோல்டர்களுக்கு வீட்டுக்காரர் பெயரை வைப்பதில்லை. அந்த விசேஷத்தில் தான் என்ன சாப்பிட்டாரோ அதையே பெயராக வைப்பார். ‘கேசரி கல்யாணம்’, ‘எலும்புக் குழம்பு காதுகுத்து’, ‘உப்பில்லாத சாம்பார் வளைகாப்பு’.

“பேரு மறந்துரும்ட்டி. சோறு மறக்காது” என்பார்.

இன்று ஒருவர் மகள் கல்யாண வீடியோவைக் கேட்டு வந்தார். “உங்க வீட்ல என்ன சாப்பாடு போட்டிய?” என்று அப்பா கேட்டார். “ஏன், அதுக்கும் தனியா ரூவா கேக்கப் போறீரா?” என்று அவர் சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

எதைக் கேட்டாலும் உடனே எடுத்துத் தரும்படி நான் செய்துவிட்டால், பள்ளி திறக்கும்வரை என்னைச் சமையலறைக்குக் கூப்பிடக் கூடாது என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைத்தாள்.

அண்ணன் சபரிக்குப் புது ஜெர்சி வந்தது. வடக்குத்தெரு வேங்கைகள் கபடி அணி, எண் 7. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். “எப்டிட்டி இருக்கேன்?” என்றான். “கேஸ் சிலிண்டர் மாதிரி” என்றேன். தலையில் கொட்டினான். வலித்தது.

மே 7, புதன்

மூன்று நாட்களாகத் தேடும் கருவிகளைச் சோதித்தேன்.

முதலில் ‘ரீகால்’. கோப்புகளைத் திறந்து உள்ளே இருக்கும் எழுத்துகளையும் படித்து வைத்துக்கொள்ளும். புத்தகம் படிக்கிறவர்களுக்கு அதுதான் சரி, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் எங்களிடம் இருப்பவை படமும் வீடியோவும். அவற்றுக்குள் படிக்க என்ன இருக்கிறது? நாள் முழுக்க ஓடியதில் கணினி சூடாகி, மேலே படுத்திருந்த பூனை இறங்கிப் போய்விட்டது. வருத்தத்துடன் நீக்கினேன்.

அடுத்து ‘லொகேட்’. இது எதையும் திறந்து பார்ப்பதில்லை. எல்லாக் கோப்புகளின் பெயரையும் இருக்கும் இடத்தையும் ஒரு முறை எழுதி வைத்துக்கொண்டு, கேட்டவுடன் அந்த அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறது. கண் இமைப்பதற்குள் விடை வருகிறது. ஆனால் ‘கேசரி’ என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை! அமைப்புக் கோப்பைப் படித்த பிறகுதான் புரிந்தது: வெளியிலிருந்து மாட்டும் வன்தட்டுகளை அது தானாகவே விலக்கி வைக்கிறது. எங்கள் விசேஷங்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. விலக்கும் வரியிலிருந்து அந்த இடத்தை எடுத்துவிட்டேன். ‘கேசரி’ என்று தட்டினேன். பதினொரு கல்யாணங்கள் வந்தன.

அட்டவணையை ஞாயிற்றுக்கிழமை தோறும் புதுப்பிக்கும்படி அமைத்திருக்கிறேன். தினமும் ஓடினால் எடிட்டிங் நின்று நின்று போகிறது.

இன்னொரு வேலையும் செய்தேன். கணினி பழையது, பெரிய வீடியோவைத் தாங்காது. ஆகவே புதிய கிளிப் எதைச் சேர்த்தாலும், எடிட்டிங் மென்பொருள் தானாக ஒரு சிறிய நகல் எடுத்து அதை வைத்து வேலை செய்யும்படி செய்தேன். இதை அப்பாவிடம் விளக்கினேன். “சரி சரி, ஓடுதால்ல, அது போதும்” என்றார்.

மே 8, வியாழன்

பயிற்சியில் ஒரு பையனுக்குத் தோள் மூட்டு இறங்கியது. இழுத்துப் பொருத்தியது அண்ணன். இறக்கியதும் அண்ணன்தான்.

மே 10, சனி

கபடிப் போட்டி தொடங்கிவிட்டது. நடத்துவது பூவலிங்கம் அண்ணாச்சி. செங்கல் சூளையும் பந்தல், விளக்கு வாடகையும் அவருடையவை. ஊரில் எந்தக் கூட்டமானாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். வீடியோ எடுப்பது அப்பா.

நான் கேமராப் பக்கம் உட்கார்ந்து எந்த கிளிப் எந்த ஆட்டம் என்று குறித்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தால் கபடி வேறு மாதிரி. முழங்கால் மண்ணில் உரசும் சத்தம் கேட்கிறது. ஒருவன் உதடு கிழிந்து ரத்தத்தோடு பாடிக்கொண்டே போனான். கூட்டம் “அவனக் கொன்னு போடுல!” என்று கத்துகிறது, சிரித்துக்கொண்டே.

அரையிறுதியில் காலனி அணி ஜெயித்தது. இதுவரை காலனி அணி இந்தப் போட்டியில் அரையிறுதிக்கு மேல் வந்ததில்லை. அவர்கள் கேப்டன் ஆரோன், என் வகுப்புத் தோழி எஸ்தரின் அண்ணன். அவர் ரெய்டு போனால் தரையில் கால் படுகிற மாதிரியே தெரியாது. நான் கை தட்டினேன். அப்பா என் கையைப் பிடித்து மடியில் வைத்தார்.

நாளை இறுதி ஆட்டம். வடக்குத்தெரு, காலனி.

மே 11, ஞாயிறு

காலனி ஜெயித்தது. ஒரு புள்ளியில்.

கடைசி ரெய்டில் அண்ணனைத் தொட்டுவிட்டு ஆரோன் கோட்டுக்குத் திரும்பினார். அண்ணன் மண்ணில் குப்புறக் கிடந்தான். கூட்டத்தில் யாரோ, “ஏலேய் சபரி, சேலை கட்டிட்டு வாடே!” என்றார்கள். நிறையப் பேர் சிரித்தார்கள். எங்கள் தெருக்காரர்களும் சிரித்தார்கள்.

பரிசு கொடுக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெரிய விளக்குகளைப் போட்டிருந்தார்கள். அப்பா ஒரு மெமரி கார்டைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய்க் கணினியில் நகல் எடுக்கச் சொன்னார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். மைதானத்தின் மேல் இருந்த வெளிச்சம் சட்டென்று இல்லாமல் போனது. ஒரு சத்தம் எழுந்தது. ஆரவாரம் என்று நினைத்தேன்.

அண்ணன் கொல்லைப்புறமாக வந்தான். வலது உள்ளங்கை நீளமாகக் கிழிந்திருந்தது. “வண்டியிலருந்து விழுந்துட்டேன்” என்றான். வண்டி வாசலில் நின்றது, காலையிலிருந்தே. அம்மா வெந்நீர் போட்டாள். ஜெர்சியை அவளே துவைத்தாள். அண்ணன் துணியை என்னைத்தான் துவைக்கச் சொல்வாள், இன்று சொல்லவில்லை.

பிறகு அப்பா வந்தார். கேமராவின் முன்கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. இன்னொரு கார்டை மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் வழக்கம்போல இரண்டையும் வன்தட்டில் ஏற்றினேன். மைதானத்தில் புரோட்டா கொடுத்ததால் ‘புரோட்டா கபடி’ என்று பெயர் வைத்தேன். எடிட்டிங்கில் சேர்த்தேன். அட்டவணையைப் புதுப்பித்தேன். எல்லாம் ஒழுங்காக முடிந்தது.

கிளிப்புகளை ஓட்டிப் பார்க்கவில்லை. தூக்கம் வந்துவிட்டது.

மே 12, திங்கள்

ஆரோன் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். மண்டையோடு உடைந்திருக்கிறதாம். நினைவு வரவில்லை.

காலையில் போலீஸ் ஏட்டையா வந்தார். “பாண்டி, நேத்து வீடியோவுல எதுவும் விழுந்துச்சா?”

“லைட்டு அணைஞ்சிட்டு ஏட்டையா. ஒண்ணும் விழல.”

“அப்ப சரி. அவனுகளுக்குள்ளேயே கப்புக்கு அடிச்சிக்கிட்டானுவன்னு பூவலிங்கம் சொல்லுதாரு.” டீ குடித்துவிட்டுப் போனார்.

அண்ணன் கயத்தாற்றில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று அம்மா சொன்னாள்.

பகலில் அப்பா கணினி முன் உட்கார்ந்தார். “ஏட்டி, அந்த தேடுறத எப்டிப் பண்ணணும்?” எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி! இத்தனை நாள் ஒரு முறைகூட அவர் கேட்டதில்லை. பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். ‘கபடி’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். வரிசை வந்தது.

“இவ்வளவுதானா? வேற எங்கயும் காப்பி இருக்கா?”

“இந்தப் பேர்ல இவ்வளவுதான்ப்பா.”

“நல்லா பாத்துச் சொல்லு.”

இன்னொரு முறை தேடிக் காட்டினேன். என் தலையைத் தடவினார். பிறகு இஞ்சி வாங்கி வரச் சொன்னார். வீட்டில் இஞ்சி இருந்தது. வாங்கி வந்தேன்.

மே 13, செவ்வாய்

எஸ்தர் எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. அது ஏன் என்று இதுவரை நான் யோசித்ததும் இல்லை. நூலகத்தில் எனக்காகக் காத்திருந்தாள். பின்னல் போடாமல் முடியை அள்ளி முடிந்திருந்தாள்.

“யோபுவைப் பிடிச்சிட்டுப் போய்ட்டாங்க பொன்னி.” யோபு அவள் மாமா மகன், அதே அணியில் ஆடியவர். “கப்பு அவன் வீட்ல இருந்துச்சாம். ஜெயிச்சவன் வீட்ல கப்பு இல்லாம வேற எங்க இருக்கும்? ஸ்டேஷன்ல லாடம் கட்டிட்டாங்க. உள்ளங்கால் ரெண்டும் பழுத்துப் போயி, நடக்க முடியாம தவழுதான்.”

எஸ்தர் இன்னும் அருகில் நகர்ந்தாள்.

“உங்க அப்பா கேமரா ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன். அதுல இருக்கும்ட்டி. ஒருக்கா தேடிப் பாரு. நீதான் தேடுறதுல கெட்டிக்காரியாச்சே.”

தேடினேன். லொகேட் எல்லாக் கோப்புகளையும் வரிசையாகக் காட்டியது. கடைசி கிளிப்பைத் திறந்தேன். ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வந்தது. அடுத்ததும் இல்லை. ஒன்றுமே இல்லை.

இதற்கு விளக்கம் எளிது. அட்டவணை ஞாயிறு அன்று இருந்ததைச் சொல்கிறது. ஞாயிறு அன்று இருந்தது, இன்று இல்லை. நடுவில் எங்கோ பிழை நேர்ந்திருக்க வேண்டும்.

அப்பாவிடம் கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே காதோடு சேர்த்து அறைந்தார். கீழே விழுந்தேன். சார்ஜர் வயரை மேஜையிலிருந்து பிடுங்கி, தொடையிலும் முதுகிலும் அடித்தார். வயர் காற்றில் வரும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது, அதைக் கேட்டதும் அடுத்த அடி எங்கே விழும் என்று உடம்பே யோசிக்கத் தொடங்கிவிடுகிறது. “யாருட்டி கேட்டா? யாரு கேக்கச் சொன்னா?” என்றார். எஸ்தர் பெயரைச் சொல்லவில்லை. அம்மா ஓடி வந்தாள். தடுக்க வருகிறாள் என்று நினைத்தேன். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே போனாள்.

இதற்கு முன் அப்பா என்னை அடித்ததில்லை.

மே 14, புதன்

இடது காதில் ரீங்காரம். எழுத ஒன்றும் இல்லை.

மே 15, வியாழன்

காலையில் பல் துலக்கும்போது ஞாபகம் வந்தது. சிறிய நகல்கள்!

எடிட்டிங் மென்பொருள் அவற்றை ஒரு மறைந்த ஃபோல்டருக்குள் போடும். அவற்றுக்கு நாம் வைத்த பெயர் இருக்காது. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான அர்த்தமில்லாத பெயரைத் தானே வைத்துக்கொள்ளும். ஆகவே ‘கபடி’ என்று எத்தனை முறை தேடினாலும் அவை வரா. பெயரைக் கேட்கும் கருவி இங்கே உதவாது. ‘ஃபைண்ட்’ என்று ஒரு பழைய கட்டளை இருக்கிறது, அதற்கு அட்டவணை கிடையாது. ஒவ்வொரு இடமாக நேரில் போய்ப் பார்க்கும். மெதுவானது என்று முன்பு ஒதுக்கி வைத்திருந்தேன். அதனிடம் பெயரைச் சொல்லாமல் நாளைச் சொல்லலாம்.

அப்பா கல்யாண வரவேற்பு ஒன்றைப் படம் எடுக்கப் போன பிறகு, மே 11 அன்று பிறந்த வீடியோக் கோப்புகளை மட்டும் கேட்டேன். இருந்தன.

பார்த்ததை எழுதுகிறேன்.

ஆரோன் இரண்டு கைகளிலும் கப்பைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். பின்னாலிருந்து ஒருவன் இடுப்பில் உதைக்கிறான். கப் விழுகிறது. ஐந்தாறு பேர் சூழ்கிறார்கள். பந்தல் கம்பு ஒன்று உயர்ந்து இறங்குகிறது. முழங்காலில் அடி. ஆரோன் “அண்ணே, போதும்ணே, கப்ப வச்சிக்கோங்கண்ணே” என்கிறார். தெளிவாகக் கேட்கிறது. அவர் விலகித் தவழப் பார்க்கும்போது ஒருவன் கப்பைப் பிடியோடு எடுக்கிறான். அதன் அடியில் கனமான பளிங்குக் கட்டை இருக்கிறது. அதைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குகிறான். தேங்காய் உடையும் சத்தம் இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம். மறுபடி தூக்குகிறான். கப்பின் விளிம்பு அவன் கையையும் கிழிக்கிறது. மறுபடி. ஆரோனின் கால் மட்டும் மண்ணை உதைத்துக்கொண்டே இருக்கிறது, ரெய்டில் கோட்டைத் தொடப் போகிறவர் மாதிரி.

கேமராவுக்கு மிகப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “லேய், வேண்டாம்ல! விட்டுரு ராசா!” கேமரா நடுங்குகிறது, ஆனால் நிற்கவில்லை. எது நடந்தாலும் கேமராவை நிறுத்தக் கூடாது என்பது அப்பாவின் தொழில் பழக்கம்.

அப்புறம் மைக்கில் பூவலிங்கம் அண்ணாச்சி: “ஏய், லைட்ட அமத்துங்கலே!”

இருட்டு.

கப்பைத் தூக்கியவனின் முதுகு கேமராவைப் பார்த்திருக்கிறது. ஜெர்சி எண் 7. வடக்குத்தெருவில் அது யாருடைய எண் என்பதை இந்த டைரியில் மே 4 அன்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கிழிக்கவில்லை.

ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தேன். ஃபோல்டருக்கு என்ன பெயர் வைப்பது? அப்பாவுக்கு இப்போது தேடத் தெரியும். ‘கபடி’யும் ‘புரோட்டா’வும் ஆகாது. அவர் முறைப்படியே, இன்று நான் சாப்பிட்டதை வைக்கலாம் என்று யோசித்தேன். காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. ‘பட்டினி’ என்று வைத்தேன்.

மே 16, வெள்ளி

தேர்வு முடிவு வந்தது. 481. யாரும் கேட்கவில்லை.

மே 17, சனி

ஆரோன் இறந்துவிட்டார்.

காலனிக்காரர்கள் உடலை வாங்க மாட்டோம் என்று ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் அடித்தது. பஸ் கண்ணாடி உடைந்தது. கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. பால் கிடைக்கவில்லை, அம்மா கடுங்காப்பி போட்டாள். யோபு மேல் கொலை வழக்கு என்று டிவியில் சொன்னார்கள்.

மதியம் அண்ணன் கொல்லைப்புறமாக வந்தான். இளைத்திருந்தான். வலது கையில் இன்னும் கட்டு. “ஏ பாப்பா, சோறு போடுட்டி” என்றான். அவன் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. இடது கையால் அள்ளத் தெரியாமல் சிந்தினான். நான் பிசைந்து ஊட்டினேன். ரசம், அப்பளம். இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டான்.

“நீ வீடியோவப் பாத்தியா?”

“பாத்தேன்.”

மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். “நான் ஒரு அடிதான் அடிச்சேன்.”

நான் பார்த்தது ஒன்று அல்ல. அப்பளத்தை நொறுக்கி அடுத்த உருண்டையில் வைத்தேன்.

“எல்லாரும் சிரிச்சாங்கட்டி. நீயும் கேட்டல்லா? ஊரே சிரிச்சிச்சு.”

“ஆரோன் அண்ணன் சிரிக்கல.”

என் கையைத் தட்டிவிட்டான். சோறு சுவரெல்லாம் தெறித்தது. முடியைப் பிடித்து என் தலையைப் பின்னால் இழுத்தான். கழுத்தில் நரம்பு தெறித்தது. பிறகு அவனே கையை எடுத்துவிட்டு, என் மடியில் முகம் புதைத்து அழுதான். “அழிச்சிரு பாப்பா. அழிச்சிருவியாட்டி?”

“அழிச்சிட்டேன்” என்றேன்.

இது பொய். டைரியில் பொய் எழுத மாட்டேன் என்றுதான் உறுதி சொல்லியிருக்கிறேன். வாயால் சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை.

சுவரில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்தேன்.

மே 19, திங்கள்

வீடியோ கிடைத்ததை எஸ்தரிடம் சொல்லிவிட்டேன். கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் போனோம், நானும் அவளும். எஸ்தர் முன் சீட்டில், நான் பின் சீட்டில், தெரியாதவர்கள் போல. யோபுவின் வழக்கைப் பார்க்கும் வக்கீல் அருள்மேரி அம்மா வீடியோவை இரண்டு முறை பார்த்தார். எஸ்தரை வெளியே இருக்கச் சொன்னார். அவள் போகவில்லை. ஒரு முறை மட்டும் பார்த்தாள். “அந்தச் செருப்பு நான் வாங்கிக் கொடுத்தது” என்றாள். அது ஆரோன் காலிலிருந்து கழன்று பக்கத்தில் கிடந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

வக்கீலம்மா என்னைக் கேட்டார். “இது யாருன்னு தெரியுமா?”

“எண் 7.”

“பேரக் கேக்கேன்மா.”

“சபரிகண்ணன். எங்கண்ணன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. என் கையை மட்டும் பிடித்தாள், நகம் பதியும்படி. அது அன்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

“அந்தக் குரல் யாரு? வேண்டாம்ங்குறது?”

“எங்கப்பா.”

வீடியோவை நகல் எடுத்துக்கொண்டு பென்டிரைவைத் திருப்பித் தந்தார், நகலை எஸ்.பி. ஆபீசுக்கு அனுப்புவதாகச் சொன்னார். “ஆனா கோர்ட்ல இந்தப் பென்டிரைவ் மட்டும் காணாது. அசல் போயிட்டதால, இந்தச் சின்ன நகல் முதல்ல பதிவான கம்ப்யூட்டரே வேணும். அதுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கோ. ஆள் வந்து சீல் வைக்கிற வரைக்கும்.”

வரும் வழியில் எஸ்தர் இறங்கும்போது, “481ஆமே” என்றாள். “உனக்கு?” என்றேன். “பாக்கல” என்றாள்.

மே 20, செவ்வாய்

இன்று நடந்ததை வேகமாக எழுதுகிறேன்.

காலையில் வெளியூர் போலீஸ் ஜீப் வந்தது. அண்ணன் கட்டிலுக்கு அடியில் இருந்தான். காலைப் பிடித்து இழுத்தார்கள். கட்டுப் போட்ட கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டான். ஒருவர் லத்தியால் விரல்களில் அடித்தார். விட்டுவிட்டான். வாசல்வரை முகத்தில் அடித்துக்கொண்டே போனார்கள். மூக்கிலிருந்து கொட்டியது. “பாப்பா, அழிச்சிட்டேன்னு சொன்னியேட்டி” என்று கத்தினான். தெரு முழுவதும் கேட்டது.

அம்மா என்னை அடிக்கவில்லை. தன் தலையைத் தானே சுவரில் முட்டினாள். “கூடப் பொறந்தவனக் கொடுத்துட்டியே, பாவி, கூடப் பொறந்தவனக் கொடுத்துட்டியே.” நான் சுவருக்கும் அவள் தலைக்கும் நடுவில் என் கையை வைத்தேன். இடது கை விரல்கள் இப்போது வீங்கியிருக்கின்றன. எழுதுவது வலது கை, ஆகவே குறையில்லை.

அம்மாவைப் பெரியம்மா வந்து கூட்டிப் போனாள். நான் ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

அப்பா கணினி முன் உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று நினைத்துக் கதவோரம் நின்றேன். திரும்பாமலேயே, “எந்தப் பேர்ல வச்சிருந்த?” என்றார்.

“பட்டினி.”

பென்டிரைவை நீட்டினேன். மாட்டினார். ஃபோல்டரைத் திறந்து முழுவதும் பார்த்தார். தன் குரல் வந்த இடத்தில் நிறுத்தினார். திரும்ப ஓட்டினார். மறுபடியும் அங்கேயே நிறுத்தினார். “சத்தமா சொல்லிருக்கணும்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. “கேமராவக் கீழ வச்சிட்டுப் போயிருக்கணும்ட்டி.”

சாயங்காலம் டீக்கடைப் பையன் ஓடி வந்தான். “பூவலிங்கம் அண்ணாச்சி ஆளுங்க வாராங்க. கம்ப்யூட்டர ஒடைக்கப் போறாங்களாம். அண்ணாச்சியத் தேடியும் போலீஸ் வருதாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். போன வாரம் திங்கள்கிழமை கேட்ட அதே கேள்வியை அதே குரலில் கேட்டார்.

“வேற எங்கயும் காப்பி இருக்கா?”

“இருக்கு. வக்கீலம்மாட்ட, எஸ்.பி. ஆபீஸ்ல. ஆனா இந்த மிஷினும் வேணும்னாங்க.”

“நல்லது” என்றார்.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டுவிட்டோம். சீல் வைக்கிறவர்கள் கயத்தாறு தாண்டிவிட்டார்களாம். அப்பா ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கிப் பூட்டினார். கணினிப் பெட்டியைக் கழற்றி, படம் எடுக்கும் அறையில் நீலத் திரைக்குப் பின்னால் வைத்து, கல்யாண சோபாவை அதன் முன் தள்ளினோம். அதன் மேல் அப்பா உட்கார்ந்தார். கையில் கேமராவைத் தாங்கும் ட்ரைபாட். என்னை மேஜைக்கடியில் இருக்கச் சொன்னார். இங்கிருந்துதான் எழுதுகிறேன்.

பைக்குகள் வந்துவிட்டன. நிறைய.

“பாண்டி! ஏலேய் பாண்டி! பெத்த மவனக் காட்டிக் குடுத்த பயலே, வெளிய வால!”

ஷட்டரில் கம்பி விழுகிறது. ஒவ்வொரு அடிக்கும் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படங்கள் ஆடுகின்றன. ஒரு மணப்பெண் விழுந்து உடைந்தாள். பக்கத்து ஜன்னலில் கல். கண்ணாடி என் காலடி வரை வந்திருக்கிறது. ஷட்டரின் அடிவிளிம்பை நெம்புகோல் போட்டுத் தூக்குகிறார்கள். விரல்கள் தெரிகின்றன.

அப்பா எழுந்து போய் அந்த விரல்கள் மேல் ட்ரைபாடை இறக்கினார். வெளியே அலறல். திரும்பி வந்து மெயின் சுவிட்சில் கை வைத்தபடி என்னைப் பார்க்கிறார்.

“எழுதிட்டியாட்டி? இருட்டுல நமக்குத்தான் இந்த ரூம் தெரியும். அவனுகளுக்குத் தெரியாது.”

இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றேன். காத்திருக்கிறார்.

ஷட்டர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. அப்பா சுவிட்சை இறக்கினார். கடைசி வரியை இருட்டில் தடவி எழுதுகிறேன்:

விளக்குகள் அணைக்கப்பட்டன.